சட்டைக்குள் ஒரு நூல்

போரிலிருந்து தம்பி திரும்பி வந்தபோது அக்கா முதலில் பார்த்தது அவன் முகத்தை இல்லை, கழுத்தை. பதினைந்தரை அங்குலம் இருந்த கழுத்து பதினாலுக்கு வந்திருந்தது. டேப் வைத்து அளக்க வேண்டியதே இல்லை. இருபது வருஷமாக ஆட்களின் உடம்பைத் துணிக்காகவே பார்த்துப் பழகிய கண். ரயில் நிலையத்தில் அழுகிறவர்களுக்கும் கட்டிப்பிடிக்கிறவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, 'ஐயோ, அந்தச் சட்டை இவனுக்குத் தொளதொளவென்று நிற்குமே' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வீடு வந்து சேரும்வரை தன்மேலேயே கோபமாக இருந்தது.

அந்தச் சட்டையின் கதை இது.

அவள் சினிமா ஸ்டுடியோவில் உடுப்பு அறையில் வேலை பார்த்தாள். ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு வயதில் பட்டன் தைக்க வந்தவள். ராஜா வேஷமோ பிச்சைக்காரன் வேஷமோ, அவள் கை படாமல் அந்த ஸ்டுடியோவில் எந்தத் துணியும் வெளிச்சத்துக்கு வராது. எல்லோருக்கும் அவள் 'தையலக்கா'. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டாள். யாராவது ஏதாவது கேட்டால் வாயில் குண்டூசி வைத்திருப்பதாகச் சைகை காட்டித் தப்பித்துவிடுவாள். பாதி நேரம் வாயில் ஊசியே இருக்காது.

அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு இருந்தது தம்பி ஒருவன்தான். அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க வந்தவனைத்தான், கூட்டத்தில் ஒரு தலை குறைகிறது என்று ஒருநாள் பிடித்து நிறுத்தினார்கள். நிறுத்திய இடத்தில் ஒழுங்காக நின்றான், கேமராவைப் பார்க்கவில்லை. அதனால் மறுவாரமும் கூப்பிட்டார்கள். அப்புறம் கடிதம் கொண்டுவந்து கொடுக்கிறவன், நீதிமன்றத்தில் கதவோரம் நிற்கிறவன், கதாநாயகனின் நண்பர்களில் மூன்றாமவன் என்று ஒவ்வொரு படியாக ஏறினான். இருபத்தாறு வயதில் கதாநாயகனின் தம்பி வேஷம் கிடைத்தது. போஸ்டரில் பேர் போடுவதாகச் சொன்னார்கள். அக்கா அந்த வேஷத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்தால் காகிதம் மாதிரி நிற்கும் துணி.

படம் முக்கால்வாசி எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போர் வந்தது. கதாநாயகனுக்கு வயதாகிவிட்டது, டைரக்டருக்குக் கால் ஒன்று கட்டை. தம்பிக்கு இரண்டும் இல்லை, பட்டாளத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடைசி நாளில் அவசர அவசரமாக ஒரு ஷாட் எடுத்தார்கள். தெருப்பக்கமிருந்து அவன் ஒரு வீட்டுக் கதவைத் திறக்கிறான், அவ்வளவுதான். கதவுக்கு உள்ளே நடக்கும் காட்சியைத் திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் சொன்னார். ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

நாலு வருஷம் ஆனது.

பட்டாளத்தில் சேர்க்கும்போது என்ன வேலை பார்த்தாய் என்று குமாஸ்தா கேட்டானாம். நடிகன் என்று இவன் சொல்லியிருக்கிறான். குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னானாம். பிறகு பீரங்கிப் பிரிவில் போட்டுவிட்டார்கள். அங்கே அவனுக்குப் பேரே 'சினிமா'. சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றால் 'சினிமாவுக்கு ஒரு கரண்டி சேர்த்து ஊத்து, கதாநாயகி காத்துக்கிட்டிருக்கா' என்பார்களாம். பீரங்கிக்கு இடது பக்கம் நின்று குண்டைத் தள்ளுவது அவன் வேலை. இதையெல்லாம் கடிதத்தில் நாலு வரி நாலு வரியாக எழுதினான். மூன்றாம் வருஷத்திலிருந்து இரண்டு வரியானது. 'நலம். குளிர்.' அதற்குமேல் எழுத அவனுக்கு அலுப்பாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா மாதம் ஒருமுறை அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, வேறு மடிப்பில் மடித்து வைத்தாள். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி அந்த இடத்தில் விட்டுப்போகும்.

அவன் வந்த இரண்டாம் வாரம் டைரக்டர் ஆள் அனுப்பினார். நின்றுபோன படத்தை முடித்துவிடலாம் என்று ஸ்டுடியோ முதலாளி சம்மதித்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஐந்து நாளில் தம்பியின் காட்சிகள் முடிய வேண்டும். பழைய படத்தோடு ஒட்டவில்லை, ஆள் வேறு மாதிரி தெரிகிறான், சரியாக வரவில்லை என்றால், அவன் நடித்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு முதலாளியின் மச்சானை வைத்துத் திரும்ப எடுப்பதாகப் பேச்சு. மச்சான் அந்த வேஷத்துக்காகவே மீசையை ஒதுக்கி, தினமும் செட்டில் வந்து கால்மேல் கால் போட்டு உட்காருவான். அவனைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. அவ்வளவு ஆசையாக உட்கார்ந்திருப்பான்.

உடம்பை அக்கா பார்த்துக்கொண்டாள். சட்டையைத் தொடவில்லை. தொட்டால் பழைய சட்டையாக இருக்காது. உள்ளே போட்டுக்கொள்ள ஒரு பனியன் தைத்து, தோளிலும் மார்பிலும் பஞ்சு வைத்தாள். சட்டைக் காலருக்குள் அடங்கும்படி அந்தப் பனியன் கழுத்தில் ஒரு பட்டை கொடுத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன், "நல்லாத்தான் இருக்கான் இவன்" என்றான், வேறு யாரையோ சொல்வதுபோல்.

காது விஷயம் அவளுக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

முதலில் அவன் முறைத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தாள். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. இரண்டாம் தரம் கூப்பிட்டாலும் வராது. போருக்குப் போய் வந்தவன், விட்டுப்பிடிப்போம் என்று இருந்தாள். ஆனால் அவளுடைய கண் சும்மா இருக்கிற கண் இல்லை. எந்த அறையில் உட்கார்ந்தாலும் வலது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி உட்கார்ந்தான். தெருவில் நடந்தால் நாலடி போவதற்குள் அவளுக்கு வலப்பக்கம் வந்துவிடுவான், அவள் அவனுடைய இடது கைப்பக்கம் இருக்கும்படி. பழைய பழக்கம் அப்படி இல்லை. ஒருநாள் அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கையில், அவனுக்கு வலது பக்கம் சற்றுப் பின்னால் நின்று, பெரிய கத்தரிக்கோலைத் தரையில் போட்டாள். மாடி வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

திருப்பிய பிறகுதான் தரை அதிர்ந்தது உறைத்ததோ என்னவோ, மெல்ல நிமிர்ந்து பார்த்தான். கத்தரிக்கோலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றான்.

வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு வருஷமாயிற்று. பீரங்கி நின்ற பக்கம் அது. இடது காதும் பாதிதான், மெதுவாகப் பேசினால் எட்டாது. பிரிவில் பாதிப்பேர் அப்படித்தானாம். அங்கே அது ஒரு குறையாகவே இல்லை, எல்லாம் கைச்சைகைதான். அதிகாரி கையை மேலே தூக்குவார், கீழே இறக்குவார், இவர்கள் குண்டைத் தள்ளுவார்கள். ஊருக்கு வந்து இறங்கிய பிறகுதான் மனுஷர்கள் வாயால் பேசுவார்கள் என்பதே ஞாபகம் வந்தது என்றான்.

அவள் அடுத்துக் கேட்டது அந்தக் காட்சியைப் பற்றி. கதவைத் திறந்து உள்ளே வந்தவன் ஜன்னலோரம் போய், வெளியே பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கதாநாயகி வலது பக்கத்துக் கதவு வழியாக வந்து, கிட்டத்தட்ட மூச்சுவிடுகிற குரலில், "இன்னும் போகலையா நீங்க?" என்று கேட்பாள். அந்தச் சொல்லுக்கு அவன் திரும்ப வேண்டும். படத்தில் அவனுக்கு முக்கியமான இடமே அதுதான். அந்தத் திரும்பலில்தான் அவன் அண்ணனுக்காக அவளை விட்டுக்கொடுக்கப் போகிறான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மனதுக்குள் எண்ணிக்கொண்டு திரும்பிவிடுவேன் என்றான். அக்காவுக்குத் தெரியும் அது நடக்காது. கதாநாயகி ஒருநாள் கதவருகே நின்று மூன்று மூச்சு விடுவாள், ஒருநாள் ஏழு. அவள் அப்படித்தான், அதற்காகத்தான் அவள் கதாநாயகி.

கதவை இடது பக்கம் மாற்றச் சொல்லலாமே என்றும் யோசித்தாள். முடியாது. அதே அறையில் நாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்த இரண்டு காட்சிகள் படத்தில் இருக்கின்றன. எந்த ஷாட்டில் எது எங்கே இருந்தது என்று எழுதி வைப்பதற்கென்றே ஒரு நோட்டுக்காரர் உண்டு. நாற்காலிக் கால் நாலு விரல் நகர்ந்தால்கூடச் சண்டைக்கு வருவார். அவர் நோட்டில் கதவு வலது பக்கம்.

எப்போதும் கையிலிருக்கிற பொருள்தான் கடைசியில் அவளுக்கு யோசனை சொன்னது. தம்பியின் வலது கை மேல்சதையில் ஒரு நாடாவைக் கட்டினாள். அதில் வெள்ளை நூலை முடிந்து, சட்டைக்குள்ளேயே கீழே இறக்கி, பின்பக்க விளிம்பு வழியாக வெளியே எடுத்தாள். நூல் தரையோடு போய், செட்டின் பலகைச் சுவரில் இருக்கும் இடுக்கு வழியாகப் பின்னால் வந்துவிடும். பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். கதாநாயகி சொல்லி முடித்ததும் சுண்டுவாள்.

வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் நிற்க, அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"கிணத்துல வாளி இழுக்கற மாதிரி இழுக்கற. மெதுவாக்கா, கை கழண்டு வந்துரும்."

மறுபடி இழுத்தாள். சரியாகத் திரும்பினான். பத்துத் தடவை பார்த்தார்கள். பத்தும் சரி. பதினோராவது தடவை அவன் திரும்பவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே அவள் வெளியே வந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அங்க ஒருத்தர் கையைக் கீழ இறக்கினா நான் குண்டைத் தள்ளினேன். இங்க நீ நூலை இழுத்தா நான் தலையைத் திருப்பறேன்" என்றான். "இதுக்குப் பேரு நடிக்கறதாக்கா?"

போஸ்டரில் பேர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, இழு" என்றான்.

முதல் இரண்டு நாள் தொல்லை இல்லை. எதிரெதிரே நின்று பேசுகிற காட்சிகள். வாயைப் பார்த்தே சமாளித்தான். எதிரில் நிற்பவர்களை இமைக்காமல் பார்த்தான். போருக்குப் போய் வந்தபிறகு ஆளின் பார்வையே வேறாகிவிட்டது என்று டைரக்டர் நோட்டுக்காரரிடம் சொன்னார். மேக்கப்காரர் அதை எல்லோரிடமும் சொன்னார்.

மூன்றாம் நாள் ஜன்னல் காட்சி. அன்று காலை அவள் செய்ததைத்தான் பிற்பாடு வருஷக்கணக்காகத் தலையில் அடித்துக்கொண்டாள். பழைய ஷாட்டில் சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது என்று, பழக்கதோஷத்தில், நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். துணியைப் பொறுத்தவரை அது சரிதான். அந்த ஸ்டுடியோவில் பேச்சை அப்போதைக்கப்போதே பதிவு செய்வார்கள். கஞ்சித் துணியில் நூல் உரசினால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை.

பலகைச் சுவருக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது, அதில் கண்ணை வைத்துக்கொண்டாள். நூல் அவள் ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று. வெளிச்சம் போட்டார்கள். கதாநாயகி வந்தாள், நின்றாள், கேட்டாள். இவள் சுண்டினாள். அவன் திரும்பினான். அவ்வளவு களைப்பான ஒரு திரும்பல். இத்தனைக்கும் காரணம் தன் விரல்தான் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துவிட்டது.

டைரக்டர் சரி என்றார். சவுண்ட்காரர் சரியில்லை என்றார்.

சவுண்ட்காரருக்குப் பட்டப்பெயர் 'பூனைக்காது'. இரண்டு தெரு தள்ளி யாராவது தும்மினாலும் ஹெட்ஃபோனில் கேட்டு டேக்கை நிறுத்துகிறவர். கதாநாயகி பேசி முடிக்கிற இடத்தில் ஏதோ கரகரக்கிறது என்றார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி கரகர. கதாநாயகியைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தரைப் பலகையில் ஒரு கம்பளத்தைப் போட்டார்கள். ஜன்னல் கொக்கியில் எண்ணெய் விட்டார்கள். நாலு டேக் ஆனது, ஐந்தானது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வருகிறது, எலி என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது என்று சொல்லிவிட்டு, பூனைக்காது ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து எழுந்து வந்தார்.

தம்பியின் பக்கத்தில் வந்து சட்டையின் விளிம்பை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். அக்கா ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடக்கூடத் தோன்றவில்லை. அவர் நூலைப் பார்த்துவிட்டார். குனிந்து, விரலால் நூலைத் தொட்டுக்கொண்டே நடந்தார். தரையோடு வந்தார், சுவர் வரைக்கும் வந்தார், சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து அவள் முன்னால் நின்றார்.

"என்ன தையலக்கா, மீன் பிடிக்கறீங்களா?"

அதற்குள் டைரக்டர் கட்டைக் காலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே நோட்டுக்காரர், மேக்கப்காரர், மச்சான், எல்லோரும். அத்தனை பேர் தன்னைச் சேர்ந்து பார்ப்பது அவளுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. தைத்த நூலை அறுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னாள். ஆறு முழமா மறந்தீர்கள் என்று கேட்டார் பூனைக்காது.

தம்பி செட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தான். அவர்கள் பேசியது அவனுக்குக் கேட்டிருக்காது. நூல் போன திசையைப் பார்த்தே புரிந்துகொண்டு வந்தான்.

"அவங்களை விடுங்கண்ணே. எனக்கு வலது காது கேக்காது. இடதும் பாதிதான். அவங்க நூலை இழுத்தாத்தான் எனக்குத் திரும்பத் தெரியும்."

மச்சான் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் டைரக்டர். உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் தம்பி பதில் சொன்னான்.

"சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?"

டைரக்டர் யோசித்தார். பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அவருக்கும் அந்த நாலு வருஷம் போயிருந்தது.

"மாட்டேன்" என்றார்.

பூனைக்காதுக்கு இந்தப் பேச்சு எதிலும் சிரத்தை இல்லை. விளக்கு போனால் ஏற்றுவதற்காக வைத்திருந்த மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்து அக்கா கையில் கொடுத்தார். "நூலுக்கு மெழுகு போடுங்க. உள்பக்கத் துணியை ஈரத்துணியால ஒத்திக் கஞ்சியை எடுங்க. அவனுக்குக் கேக்குதா கேக்கலையாங்கறது உங்க குடும்ப விஷயம். என் மைக்குக்கு அது கேக்கக் கூடாது." சொல்லிவிட்டுப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

'அப்போ நான்...' என்று மச்சான் ஆரம்பித்தான். நீங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று டைரக்டர் அவனை மரியாதையாக அனுப்பி வைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, இவன் திரும்பியது சரியாக இருந்ததா இல்லையா, அதுதான் என் வேலை, சரியாக இருந்தது, மிச்சம் எதுவும் செட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார். மறுநாள் காலையில் வாசல் காவல்காரர் தம்பியின் இடது பக்கம் வந்து, கத்தி வணக்கம் சொன்னார்.

ஆறாவது டேக் சத்தமில்லாமல் வந்தது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது.

படம் வெளியானபோது இருவரும் ஒரு மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். வலது பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியாகப் பார்த்து அவன் உட்கார்ந்தான். திரையில் பேசுவது பாதி புரியாமல், என்ன சொல்கிறான் என்று அவளை அடிக்கடி கேட்டான். தான் பேசியதையே ஒரு தடவை கேட்டான். அந்தக் கதவு வந்தது. பதினைந்தரை அங்குலக் கழுத்தோடு கதவைத் திறந்தவன், பதினாலு அங்குலக் கழுத்தோடு உள்ளே வந்தான். அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். இடையில் போன நாலு வருஷத்தை வெட்டி எடுத்து ஒட்டியிருந்த இடம் எது என்று அக்காவாலேயே இரண்டாம் முறை பார்த்தாலும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார்கள்.

வெளியே போஸ்டரில் அவன் பேர் மூன்றாவதாக இருந்தது. அவள் நின்று படித்தாள். அவன் நிற்காமல் நடந்தான்.

ஒரு மாதம் கழித்து டைரக்டர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த படத்திலும் அண்ணன் தம்பி கதை, தம்பி இவன்தான், இந்தத் தடவை பேர் இரண்டாவது. எந்தெந்தக் காட்சியில் நூல் வேண்டியிருக்கும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், செட் போடும்போதே சுவரில் இடுக்கு வைக்கச் சொல்லிவிடலாம் என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் வாயில் ஊசி இல்லாமலே பேச்சு வரவில்லை.

"வேண்டாம் சார்" என்றான் தம்பி.

அவளுக்கு முதலில் அவன் சரியாகக் கேட்காமல் பதில் சொல்கிறான் என்று தோன்றியது. டைரக்டருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், கொஞ்சம் உரக்கத் திரும்பச் சொன்னார்.

"கேட்டுச்சு சார். நூல் வேண்டாம். நானாக் கேட்டு நானாப் பேசற மாதிரி ஏதாவது கொடுங்க. சின்னதா இருந்தாப் போதும்."

"அப்படி என்னய்யா இருக்கு?"

அவன் அதையும் யோசித்து வைத்திருந்தான். டிரைவர் வேஷம் கொடுங்கள் என்றான். கார் டிரைவருக்கு வலது பக்கம் கதவுதான் இருக்கும், அந்தப் பக்கம் யாரும் உட்கார முடியாது. பேசுகிறவன் இடது பக்கம் இருப்பான். பின்னால் இருந்து பேசினாலும் முன்னால் கண்ணாடி இருக்கிறது, வாயைப் பார்த்துக்கொள்ளலாம். தவிர, காரில் போகிறவர்கள் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவார்கள்.

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் டைரக்டர்.

"தெரியாது சார்."

அதுவும் சரிதான், இங்கே எந்தக் கார் ஓடுகிறது என்று டைரக்டர் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை. எப்போதும் பேசாதவள் பேசாமல் இருப்பது யாருக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கோபமா என்று கேட்டான். அவளுக்கு அழுகையாக வந்தது. பேர் இரண்டாவதாக வந்திருக்கும், மகராசன் மாதிரி நீ நின்றிருப்பாய், நான் சாகிற வரைக்கும் இழுத்திருப்பேனே என்றாள். அவன் இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

"அதான்கா பயம்" என்றான். "நீ சாகற வரைக்கும் இழுப்ப. எல்லா செட்டுக்கும் பின்னால பெட்டியைக் கவுத்துப்போட்டு உக்காந்திருப்ப. எனக்கு அலுத்துப்போச்சுக்கா. யாராவது சொன்னா செய்யறது அலுத்துப்போச்சு. திரும்பணும்னா நானாத் திரும்பறேன். இல்லேன்னா திரும்பாமலே போறேன்."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் படுத்தபோது தன் வலது கையை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். இலேசாக இருந்தது. அப்படி இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

அதன்பின் பதினேழு வருஷம் அவன் டிரைவராக நடித்தான். டாக்சி, டாக்டர் வீட்டுக் கார், ஆம்புலன்ஸ், ஒருமுறை சவ வண்டி. போஸ்டரில் பேர் வரவில்லை. தெருவில் போனால், 'என்னண்ணே, இன்னைக்கு நடந்து போறீங்க?' என்று கேட்பார்கள். கடைசிவரை அவன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

முதல் டிரைவர் காட்சி எடுத்த நாள் அக்காவும் செட்டில் இருந்தாள். தொப்பிகளில் பித்தளைப் பட்டன் மாற்ற வேண்டிய வேலை இருந்தது. காருக்குச் சக்கரம் கிடையாது. பின்னால் இரண்டு பேர் ஒரு பலகையை வைத்து ஆட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே, தெரு வரைந்த திரையை இன்னொருவர் சுற்றினார். இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் பழைய நடிகர், பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவர். ரயிலைப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் போ என்று அவர் சொல்ல, இவன் 'சரிங்க' என்று சொல்ல வேண்டும். எழுதியிருந்தது அவ்வளவுதான்.

"சீக்கிரம் போய்யா, ரயில் போயிடப் போகுது."

தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போய்க்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றான்.

பின்னால் காரை ஆட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பூனைக்காது ஹெட்ஃபோனைத் தூக்கிக்கொண்டு, சிரித்தது யார் என்று கேட்டார். அதையே வைத்துக்கொள்ளலாம், நல்லாயிருக்கு, இன்னொரு டேக் போவோம் என்றார் டைரக்டர்.

செட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்கா, நாலாவது தொப்பியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கதாநாயகி எப்போது பேசுவாள், தம்பி எப்போது திரும்புவான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை அன்று இல்லை. கார் மறுபடி ஆடத் தொடங்கிய சத்தம் கேட்டது. பட்டன் தளர்வாக இருக்கிறதா என்று அவள் இழுத்துப் பார்த்தாள்.